கிரைண்டருக்குள் நிற்கிற உன் அப்பா

கண்ணு,

நீ அனுப்பிய வீடியோ வந்து சேர்ந்தது. பார்த்துவிட்டு "சரி" என்று மட்டும் போட்டால் போதும் என்று கீழே எழுதியிருந்தாய். அந்த ஒரு சொல்லைப் போட முடியாமல்தான் இவ்வளவு பெரிய கடிதம். போனில் பேசியிருக்கலாம். பேசினால் நீ நடுவில் புகுந்து ஏதாவது சொல்வாய், நானும் உருகிப்போய் தலையாட்டிவிடுவேன். எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது. கல்லூரியில் இத்தனை வருஷமாகக் கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் பாடம் எடுக்கிறேன், ஒரு வகுப்பில்கூட எனக்கு இந்த வசதி கிடைத்ததில்லை. அதனால் கொஞ்சம் இழுப்பேன். காபி போட்டு எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து படி.

வரவேற்பு அன்று மண்டபத்து எல்.இ.டி. திரையில் ஓடவேண்டியது அது. கதவு திறக்கிறது. உன் அப்பா பட்டு வேட்டி, பட்டுச் சட்டையோடு நடந்து வருகிறார். உன்னையும் சௌமியாவையும் பார்த்துச் சிரிக்கிறார், இரண்டு கையையும் உயர்த்தி ஆசீர்வதிக்கிறார், அப்புறம் பொன்னிறமாகக் கரைந்து போகிறார். முதல் தடவை பார்த்தபோது நான் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டேன். அவர் வீட்டுக்குள் வந்தால் நான் ஒருநாளும் எழுந்ததில்லை என்பது உனக்கே தெரியும். பொம்மை என்று தெரிந்தும் எழுந்தேன். அந்த அளவுக்கு நீ நன்றாகச் செய்திருக்கிறாய். ஹைதராபாத் அனிமேஷன் ஸ்டுடியோவில் உனக்குக் கொடுக்கிற சம்பளம் தகும் என்று அன்றைக்குத்தான் ஒப்புக்கொண்டேன்.

அப்புறம் பல தடவை போட்டுப் பார்த்தேன். ஆசையாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை. சிக்கல் அதற்குப் பிறகுதான் வந்தது. சமையலறையில் நின்று அவரைப் பற்றி ஏதோ நினைக்கிறேன், பட்டுச் சட்டையோடு நடந்து வருகிறார். கோயிலில் கண்ணை மூடினால் இரண்டு கையையும் உயர்த்துகிறார். போய்ச் சேர்ந்து சில வருஷம் ஆகியும் நான் பத்திரமாக வைத்திருந்த மனிதரை உன் வீடியோ ஒரே வாரத்தில் ஓரமாகத் தள்ளிவிட்டது. உண்மையில் அவர் எப்படி நடப்பார் என்று யோசித்து யோசித்துப் பார்த்தும் வரவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது கண்ணு. மண்டபத்தில் அவ்வளவு பெரிய திரையில், அத்தனை பேருக்கு நடுவில் இன்னொரு தடவை பார்த்தால் அவர் எனக்குத் திரும்பக் கிடைக்கவே மாட்டார் என்று தோன்றியது. நீ கேட்டிருப்பது ஒரு சொல்தான். அதைக் கொடுத்தால் என்னிடமிருந்து போவது இவ்வளவு.

இதற்கு நடுவில் கருமத்தம்பட்டியில் உன் மாமனார் வேறு தறிக்காரர், நூல்காரர், பாவுக்காரர் என்று ஒருவர் விடாமல் சொல்லி வைத்துவிட்டார். போன வாரம் ஜவுளி எடுக்கப் போனபோது புடவைக் கடைக்காரரிடம்கூட, "சம்பந்தி நேர்ல வந்து வாழ்த்தறாருங்க, திரையில" என்று பெருமையாகச் சொன்னார். அந்த மனிதரின் சந்தோஷத்தைக் கெடுக்கவும் எனக்கு மனசில்லை. ஆகவே சரியா இல்லையா என்பதற்கு முன்னால், உன் அப்பாவுக்கும் எனக்கும் இந்தப் படம் போடுகிற தொழிலுக்கும் நடுவில் என்ன நடந்தது என்பதை ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். துண்டு துண்டாக உனக்குத் தெரியும். முழுசாகச் சொன்னதில்லை.

ஆர்.எஸ்.புரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் நான் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த காலம். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும், அறையில் ஏ.சி. கம்ப்யூட்டருக்காக, நமக்காக அல்ல. சென்டர் விளம்பரத்துக்காகப் படமெடுக்க உக்கடத்திலிருந்து ஒரு ஸ்டுடியோக்காரர் வந்தார். என்னை ஒரு திரைக்கு முன்னால் உட்காரவைத்து, நான் போட்ட ஒரு வட்டத்தைத் திரையில் வைத்து, படம் எடுத்துக்கொண்டு போனார். மறுநாளே திரும்பி வந்தார். என் முகம் அழகாக விழுந்திருந்தது, திரையின் குறுக்கே மட்டும் கருப்பாக ஒரு பட்டை.

"ஏனுங்க, உங்க கம்ப்யூட்டரு கெட்டுப்போச்சுங்களா? நடுவுல பட்டை உளுந்துருக்குதுங்க."

"பட்டை கம்ப்யூட்டருல இல்லீங்க. உங்க அவசரத்துல இருக்குதுங்க" என்றேன். அப்போதைய திரைகளில் படம் என்று ஒன்று முழுசாக ஒரு நேரத்தில் இருக்கவே இருக்காது. உள்ளே ஓர் எலக்ட்ரான் கற்றை மேலிருந்து கீழாக வரி வரியாக ஓடி ஒவ்வொரு புள்ளியாக ஏற்றிக்கொண்டே இருக்கும். கீழே போய்ச் சேருவதற்குள் மேலே மங்க ஆரம்பித்திருக்கும், உடனே மறுபடி மேலே ஓடும். நம் கண் ஏமாந்த கண், அதையெல்லாம் சேர்த்து ஒரே படமாகப் பார்த்துவிடும். கேமரா ஏமாறாது. கற்றை ஒரு சுற்றை முடிப்பதற்குள் இவர் கிளிக் செய்துவிட்டால் ஓடாத இடம் கருப்பாக நிற்கும். இதைச் சொன்னதும் உன் அப்பா கேமராவின் வேகத்தைக் குறைத்து மறுபடி எடுத்தார். பட்டை போய்விட்டது. ஆள் போகவில்லை. அந்த மாதம் முழுவதும் ஏதாவது ஒரு சந்தேகத்தைத் தூக்கிக்கொண்டு சென்டருக்கு வந்துகொண்டே இருந்தார்.

அவருக்குக் கதை சொல்லித்தான் நானே இந்தப் பாடத்தைச் சரியாகப் புரிந்துகொண்டேன். முதல் முதலில் கற்றை வரி வரியாகவே ஓடவில்லை, கோட்டையே வரைந்தது. இந்தப் புள்ளியிலிருந்து அந்தப் புள்ளிக்குப் போ என்றால், சுவரில் டார்ச் அடித்து இழுக்கிற மாதிரி நேராக இழுக்கும். கோடு வழவழவென்று இருக்கும். ஆனால் கோடுகள் அதிகமானால் கடைசிக் கோட்டைப் போட்டு முடிப்பதற்குள் முதல் கோடு மறைய ஆரம்பித்து, படமே மினுக்மினுக்கென்று துடிக்கும். அந்தக் காலத்தில்தான் அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்த ஒருவர் ஒளிப்பேனா ஒன்றைத் திரையில் வைத்துக் கோடு போட்டுக் காட்டினார். கை நடுங்கிக் கோணலாகப் போட்டாலும், இவை இரண்டும் இணைகோடு என்று சொல்லிவிட்டால் கம்ப்யூட்டரே நேராக்கிக் கொடுக்கும். மனிதன் திரையில் வரைய, இயந்திரம் கூடவே உட்கார்ந்து திருத்த, இன்றைக்கு நீ செய்கிற வேலையெல்லாம் அங்கிருந்து கிளம்பி வந்ததுதான். அப்புறம் நினைவகம் மலிவாகியது, ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு நிறம் என்று எழுதி வைத்துக்கொள்ள இடம் கிடைத்தது, கோடு போய்ப் புள்ளி வந்தது. புள்ளி வந்ததும் கோட்டுக்குப் பிடித்தது சனி. படுத்த கோடும் நின்ற கோடும் சரியாக வரும், சாய்ந்த கோடு மட்டும் மாடிப்படி மாதிரி வரும்.

அந்தக் கோட்டைப் போடுகிற கணக்கை உன் அப்பாவுக்குச் சொல்லிக்கொடுத்தபோது அவர் சொக்கிப்போனார். ஒரு புள்ளி வலப்பக்கம் நகரு, அசல் கோடு மேல்புள்ளிக்குப் பக்கமா, கீழ்ப்புள்ளிக்குப் பக்கமா என்று மட்டும் கேள், பக்கத்தில் இருப்பதை ஏற்று, மறுபடி நகரு. பெருக்கல் இல்லை, வகுத்தல் இல்லை, கூட்டினாலே போதும். வட்டம் அதைவிடச் சோம்பேறித்தனம். எட்டில் ஒரு பங்குக்கு மட்டும் கணக்குப் போட்டுவிட்டு மீதியைக் கண்ணாடியில் காட்டுகிற மாதிரி திருப்பித் திருப்பி வைத்துவிடலாம். "இந்தச் சோம்பேறித்தனத்தை எனக்குங் கொஞ்சம் சொல்லிக்குடுங்க" என்று அவர் கேட்டபோதுதான் எனக்கு இந்த மனிதரைப் பிடித்துப்போனது. அவரோடு இருந்த காலம் முழுவதும் சோம்பலில் அவருக்கு நான் எதுவும் சொல்லிக்கொடுக்கத் தேவைப்படவில்லை என்பது வேறு விஷயம்.

மாடிப்படி மாதிரி வருகிற கோட்டுக்கு வைத்தியம் உனக்குத் தெரியும். கருப்பும் வெள்ளையும் முட்டுகிற இடத்தில் அதுவுமில்லாமல் இதுவுமில்லாமல் ஓர் இடைநிறத்தை வைத்தால் கண்ணுக்கு வழவழப்பாகிவிடும். கல்யாணக் கடிதம் என்பதால் ஒன்று சொல்லிவிடுகிறேன், கண்ணை உருட்டாதே. நீ காலையில் எழுந்தால் பேசமாட்டாய், சௌமியா எழும்போதே பேசிக்கொண்டு எழுகிற பெண். அந்த முட்டுகிற இடத்தில் இரண்டு பேரும் ஆளுக்குக் கொஞ்சம் நிறம் மாறுங்கள். முழுசாக மாறவேண்டியதில்லை. விளிம்பில் மட்டும் போதும்.

கல்யாணத்துக்குப் பிறகு ஆர்.எஸ்.புரத்திலேயே ஒரு சின்ன டிசைன் ஆபீசில் சேர்ந்தேன். மோட்டார், பம்பு, கிரைண்டர் என்று இந்த ஊர் செய்கிற சாமான்களுக்கெல்லாம் நோட்டீஸ் அடிக்கிற இடம். அங்கேதான் முப்பரிமாணத்துக்கு வந்தேன். கம்பிக்கூடு மாதிரி வடிவத்தைக் கட்டி, அதற்குத் தோல் போர்த்தி, வெளிச்சம் வைக்க வேண்டும். உன் அப்பாவுக்கு இதெல்லாம் புதிதாகவே தெரியவில்லை. எது முன்னால், எது பின்னால், எது மறையும் என்று நான் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது, அவர் கல்யாண மண்டபங்களில் குரூப் போட்டோவுக்கு ஆட்களை நிறுத்திக்கொண்டிருந்தார். உடம்பு பெருத்த பெரியப்பா ஒருவர் முன்வரிசையில் வந்து நின்றால் பின்னால் ஒரு குடும்பமே காலி. தூரத்தில் இருப்பதை முதலில் வரைந்து கிட்டத்தில் இருப்பதை அதன் மேலேயே வரைந்துகொண்டு வருவது பழைய முறை. ஒவ்வொரு புள்ளியும் தன்னிடம் இப்போது நிற்பவர் எவ்வளவு தூரத்தில் நிற்கிறார் என்று ஞாபகம் வைத்துக்கொண்டு, அவரைவிடக் கிட்டத்தில் ஆள் வந்தால் மட்டும் இடம் கொடுப்பது புது முறை. இதைச் சொன்னதும் அவர், பந்தியில் நம் ஜனம் எப்பவும் புது முறையைத்தான் கடைப்பிடிக்கிறது என்றார்.

இந்தத் தொழிலில் உலகம் முழுக்க ஒரு டீ குடுவையை வைத்துத்தான் பழகுவார்கள். யாரோ ஓர் ஆராய்ச்சியாளர் வரைவதற்கு எதை எடுக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, அவர் மனைவி டீ ஊற்றிக்கொண்டே கையிலிருந்த குடுவையைக் காட்டினாராம். வளைவு, மூக்கு, பிடி, தன் நிழல் தன் மேலேயே விழுவது என்று சோதனைக்கு வேண்டியதெல்லாம் அதில் இருந்தது. முதலில் செய்த அந்தக் குடுவைக்கு அடி கிடையாது, யாரும் கவிழ்த்துப் பார்க்கப் போவதில்லை என்று விட்டுவிட்டார்கள். உன் அப்பாவுக்கு இதில் டீ எங்கே நிற்கும் என்கிற கவலை பல நாள் இருந்தது. நமக்குக் குடுவை எதற்கு, கோயம்புத்தூர்க்காரியான நான் கிரைண்டரை வைத்துப் பழகினேன். அங்கேதான் உன் அப்பா நிரந்தரமாக மாட்டிக்கொண்டார்.

விஷயம் இப்படி. எவர்சில்வர் கிரைண்டரைப் படமெடுப்பது போல ஒரு நரகம் வேறு கிடையாது என்பார் அவர். எங்கிருந்து எடுத்தாலும் எவர்சில்வரில் எடுக்கிறவன் தெரிவான். கருப்புத் துணிக்குப் பின்னால் ஒளிந்து, ஓட்டை வழியாக லென்சை மட்டும் நீட்டி எடுத்தும், துணி தெரிந்தது. கம்பெனிக்காரர் சலித்துப்போய், கம்ப்யூட்டரிலேயே செய்துவிட்டால் போட்டோக்காரன் தொந்தரவு இல்லை என்று வேலையை என்னிடம் கொடுத்தார். வீட்டில் ஒரு வாரம் இவருக்கு முகம் சுருங்கியே இருந்தது. நான் பாத்திரம் கல் எல்லாம் கட்டி, கண்ணிலிருந்து ஒவ்வொரு புள்ளி வழியாகவும் ஒரு கதிரை அனுப்பி அது எதில் பட்டு எங்கே தெறிக்கிறது என்று தொடர்ந்து போகிற முறையில் படத்தைப் போட்டேன். வெளிச்சம் விளக்கிலிருந்து கண்ணுக்கு வருவதுதான் நிஜம், நாங்கள் திருப்பிப் போட்டு கண்ணிலிருந்து தேடிக்கொண்டு போவோம், கண்ணுக்கு வராமல் வீணாகிற கதிர் மிச்சம். காலையில் ஓடவிட்டால் சாயங்காலம் வரும். மேலிருந்து வரி வரியாக வந்து கால்வாசி வரும்போது கரண்ட் போகும். பிறகு மறுபடி முதலிலிருந்து. கடைசியில் ஒருநாள் முழுசாக வந்தது. கிரைண்டர் அட்டைக் கரியாக இருந்தது.

விளக்கைக் கூட்டினேன், நிறத்தை மாற்றினேன், ஒன்றுக்கும் அசையவில்லை. சாப்பாட்டை எடுத்துக்கொண்டு ஆபீசுக்கு வந்த உன் அப்பா திரைக்குக் கிட்டத்தில் குனிந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். அப்புறம், "அம்மணி, எவர்சில்வருக்குன்னு சொந்தமா நெறமே கெடையாது. சுத்தி என்ன இருக்குதோ அதைத்தான் காட்டும். நீ இதைச் சுத்தி ஒண்ணுமே வெக்கலையே" என்றார். அவ்வளவுதான். நான் கட்டிய உலகத்தில் கிரைண்டரைத் தவிர ஒன்றும் இல்லை. அது தெறித்து அனுப்பிய கதிரெல்லாம் வெறும் இருட்டில் போய் விழுந்துகொண்டிருந்தது. ஒரு சமையலறையையே கட்டி உள்ளே வைக்க அந்தக் கம்ப்யூட்டரில் தெம்பில்லை. அதற்குப் பதில் சமையலறையின் படத்தைச் சுற்றிலும் போர்த்திவிட்டால் போதும். ஒரே படத்தில் ஓர் அறை முழுக்க விழ வேண்டுமென்றால் பளபளவென்று பந்து மாதிரி ஒரு குண்டு வேண்டும். குண்டின் நடுவில் எதிரே இருப்பது தெரியும், ஓரங்களில் பக்கமும் பின்பக்கமும் வளைந்து வந்து சேர்ந்துகொள்ளும்.

குண்டுக்கு எங்கே போவது? நாம் அப்போது குடியிருந்த வீட்டின் மாடிப்படிக் கைப்பிடி முனையில் பெரிய எவர்சில்வர் குண்டு ஒன்று திருகி வைத்திருந்தது உனக்கு ஞாபகம் இருக்கும், பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அதில் நாக்கை நீட்டிப் பழிப்புக் காட்டுவாய். நீ பள்ளிக்கூடம் போன பிறகு உன் அப்பா அதைக் கழற்றிக்கொண்டு வந்து, நம் அடுப்புமேடையில் சரியாகக் கிரைண்டர் இருக்கிற இடத்தில் ஒரு கிண்ணத்தின் மேல் வைத்தார். ஜன்னல் வெயில் ஒரு பக்கம்தான் விழுந்தது என்று, மறுபக்கம் என்னை நிறுத்தி, அவருடைய வெள்ளை வேட்டியைக் கொடுத்து விரித்துப் பிடிக்கச் சொன்னார். கை வலிக்கிறது என்று நான் சொல்லச் சொல்ல, வெளிச்சத்தைக் கூட்டி ஒன்று, குறைத்து ஒன்று, இன்னும் குறைத்து ஒன்று என்று எடுத்துக்கொண்டே இருந்தார். எது சரியாக விழும் என்று முன்கூட்டியே சொல்லத் தெரியாத காலம், ஆகவே எல்லாவற்றையும் எடுத்து வைப்பது அவர் பழக்கம். நடுவில் வீட்டுக்காரம்மா குண்டைத் தேடிக்கொண்டு வந்துவிட்டார். "தம்பி, எங்கூட்டுக் குண்டைக் காணோமுங்களே" என்று கேட்டவர், அடுப்புமேடையில் அது கொலுப்பொம்மை மாதிரி உட்கார்ந்திருப்பதையும் நான் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பதையும் பார்த்துவிட்டு, வேறொன்றும் கேட்காமல் இறங்கிப் போனார். அதற்கப்புறம் பல நாள் என்னிடம் ரொம்பக் கனிவாகப் பேசினார்.

படம் அற்புதமாக வந்தது. கிரைண்டர் எவர்சில்வராகவே ஜொலித்தது. ஜன்னல் வெயில் அதன் இடுப்பில் வளைந்து ஓடியது. கம்பெனிக்காரர் கையெழுத்துப் போட்டார், அச்சாகி, பொள்ளாச்சி, ஈரோடு, உடுமலை என்று கடை கடையாகப் போய்ச் சேர்ந்தது. அப்புறம் ஒரு கடைக்காரர் ஆபீசுக்குப் போன் செய்தார். ஏனுங்க, உங்க கிரைண்டருக்குள்ள ஒருத்தரு பனியனோட நிக்கறாருங்களே, அவரு யாருங்க என்று கேட்டார். எடுத்துப் பார்த்தால், எவர்சில்வரின் நட்டநடுவில், கட்டைவிரல் நகத்தளவில், லுங்கியை மடித்துக் கட்டி, பனியனோடு, ஒரு கண்ணை மூடி, கேமராவைப் பிடித்துக்கொண்டு உன் அப்பா. குண்டைப் படமெடுக்கிறவன் குண்டின் நடுவில்தான் இருப்பான். அதை அழித்துவிட்டுப் போர்த்த வேண்டும் என்பது பாலபாடம். எனக்கும் தோன்றவில்லை, அவருக்கும் தோன்றவில்லை. அவரை நான் தினமும் அந்தச் சமையலறையில் அப்படித்தானே பார்த்துக்கொண்டிருந்தேன், வித்தியாசமாக என் கண்ணில் படவே இல்லை. போட்டோக்காரன் தெரியக்கூடாது என்பதற்காகவே செய்த படத்தில், கொங்குநாடு முழுக்க, போட்டோக்காரன்.

வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். கம்பெனிக்காரர் நேரில் வந்தார். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். இவரைக் கூப்பிட்டு விடச் சொல்லி, ஆளையும் படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "சட்டையாச்சும் போட்டுட்டு எடுத்திருக்கலாமுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சிரித்தார். கடைகளில் ஜனங்கள் அந்த நோட்டீஸை வாங்கி ஆளைத் தேடிப் பார்க்கிறார்களாம், அதனால் அப்படியே இருக்கட்டும் என்றுவிட்டார். அதற்கப்புறம் உறவில் யார் நம் வீட்டுக்கு வந்தாலும் முதலில் கிரைண்டரை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார்கள்.

இனி உன் வீடியோவுக்கு வருகிறேன். அதில் வெளிச்சத்தில் ஒரு குறை இல்லை. தோலுக்கு அடியில் வெளிச்சம் கொஞ்சம் புகுந்து வெளியே வருவதுகூடச் சரியாக இருக்கிறது. பட்டின் மினுமினுப்பு, கால் தரையில் படுகிற இடத்தில் நிழல் இறுகுவது எல்லாம் கச்சிதம். ஆனால் உன்னிடம் இருந்த படங்கள் எவை என்று யோசித்துப் பார். அவர் போனபோது பேப்பருக்குக் கொடுக்க ஒரு படம் தேடி நாம் பட்ட பாடு ஞாபகம் இருக்கிறதா? ஊரையே படமெடுத்தவருக்குப் படம் இல்லை. கல்யாண ஆல்பத்தில் கொஞ்சம், அடையாள அட்டைகளில் விறைத்துக்கொண்டு இருப்பது கொஞ்சம். அதிலிருந்துதான் நீ செய்திருக்கிறாய், வேறு வழியும் இல்லை. அதனால் உன் வீடியோவில் அவர் கேமராவைப் பார்க்கிறார். அவர் கேமராவைப் பார்க்கிற ஆள் இல்லை கண்ணு, கேமராவிலிருந்து நம்மைப் பார்க்கிற ஆள். விசேஷ நாட்களில் அவர் இரண்டு கண்ணாலும் நம்மைப் பார்த்ததே இல்லை, ஒன்று எப்போதும் மூடியிருக்கும். எந்தக் கல்யாணத்திலும் அவர் கையை உயர்த்தி யாரையும் ஆசீர்வதித்ததும் இல்லை. "ஏனுங்க, கொஞ்சம் வெளிச்சத்துக்கு வாங்க" என்பதுதான் மாப்பிள்ளை பொண்ணுக்கு அவர் சொல்கிற ஒரே வாழ்த்து.

இதெல்லாம் எனக்கு எப்படித் திரும்ப வந்தது என்று கேள். அந்தப் பயத்தோடு இருந்த நாட்களில், அலமாரியில் அந்தப் பழைய நோட்டீஸைத் தேடி எடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த நகத்தளவு மனிதரைப் பார்த்தேன். முகம்கூடச் சரியாகத் தெரியாது, கேமரா மறைத்திருக்கும். ஆனால் பார்த்த உடனே பட்டுச் சட்டை போய்விட்டது. செருப்பைத் தேய்த்துத் தேய்த்து, ஒரு தோள் இறங்கி, பையைத் தூக்கி நடக்கிற நடை அப்படியே வந்துவிட்டது. சமையலறையில் தனியாக உட்கார்ந்து அழுதேன். அழுது முடிந்ததும் சிரிப்பு வந்தது, லுங்கியை அப்படியா மடித்துக் கட்டுவது.

ஆகவே என் பதில், அந்த வீடியோ வேண்டாம். கோபம் இல்லை, குறை இல்லை. நீ அதை எவ்வளவு பிரியத்தோடு செய்திருப்பாய் என்று எனக்குத் தெரியும், உனக்கும் அப்பா வேண்டும் அன்றைக்கு. அதனால் வெறுங்கையோடு வேண்டாம் என்று சொல்லவில்லை. இதோடு ஒரு இணைப்பு அனுப்பியிருக்கிறேன், திறந்து பார். அன்றைக்கு அவர் எடுத்த குண்டுப் படங்களின் நெகட்டிவ் எல்லாம் பத்திரமாக இருந்தது. ஸ்கேன் செய்துவிட்டேன். கூட்டியும் குறைத்தும் எடுத்த அத்தனையும் இருக்கிறது, இவற்றையெல்லாம் ஒன்றாகச் சேர்த்தால் என்ன கிடைக்கும் என்று உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ஜன்னல் எவ்வளவு பிரகாசம், மேடைக்கு அடியில் எவ்வளவு இருட்டு என்பது முதற்கொண்டு, அன்றைக்கு அந்தச் சமையலறையில் இருந்த வெளிச்சம் முழுசாகக் கிடைக்கும். அவருக்குத் தெரியாமலே, இன்றைக்கு உங்கள் ஸ்டுடியோவில் செய்கிற வேலையை அன்றைக்கே செய்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

திரையில் ஓட நீயும் சௌமியாவும் உங்களை மாதிரியே இரண்டு பொம்மை செய்து வைத்திருக்கிறீர்கள் அல்லவா, மூக்கைப் பெரிதாக்கி? அவற்றுக்கு ஸ்டுடியோ விளக்கையெல்லாம் அணைத்துவிடு. இந்த வெளிச்சத்தை வை. சௌமியா பொம்மையின் கையில் பளபளவென்று ஒரு தாம்பாளத்தைக் கொடு, கிரைண்டரில் நின்ற மாதிரி அதில் உன் அப்பா நிற்பார். யாரும் எதையும் அழிக்கக்கூடாது, இந்தத் தடவை வேண்டுமென்றே.

உன் மாமனாரிடம் நேற்றே போனில் பேசிவிட்டேன். கிரைண்டர் கதையை முழுசாகச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். ஆனால் அவருக்கு ஒரு கவலை.

"அத்தனை சின்னதா இருந்தா, வந்தவங்களுக்குச் சம்பந்தி வந்தது தெரியாதுங்களே?"

"தெரியவேண்டியவங்களுக்குத் தெரியுமுங்க" என்றேன். அப்புறம், அப்படியானால் தான் முதல் வரிசையில் உட்கார்ந்து தாம்பாளத்தையே பார்த்துக்கொண்டிருக்கப் போவதாகச் சொன்னார். நல்ல இடத்தில்தான் பெண் எடுக்கிறோம்.

ஒன்றை மட்டும் சொல்லி முடிக்கிறேன். அந்தக் குண்டுப் படத்தைப் பெரிதாக்கிப் பார். நடுவில் அவர் நிற்கிறார். ஓரத்தில் வாழைக்காய் மாதிரி வளைந்து நீண்டு, வேட்டியைப் பிடித்துக்கொண்டு நான் நிற்கிறேன். நீ மட்டும் இல்லை, பள்ளிக்கூடம் போயிருந்தாய். நம் மூன்று பேரும் சேர்ந்து இருக்கிற படம் ஒன்றுகூட இல்லை என்று நீ சின்ன வயதில் கோபித்துக்கொள்வாயே, அதற்கு இப்போது வழி இருக்கிறது. இந்த மாதிரி வெளிச்சத்தை வைக்கும்போது, எதற்கு வெளிச்சம் போடுகிறோமோ அது குண்டு இருந்த இடத்தில் போய் நிற்கும். அந்த இடத்தில் நீயும் சௌமியாவும் நிற்கப் போகிறீர்கள். ஒரு பக்கம் நான் கை வலிக்க வெள்ளை வேட்டியைப் பிடித்துக்கொண்டிருப்பேன். நேர் எதிரே உன் அப்பா, பனியனோடு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு உங்களையே பார்த்துக்கொண்டிருப்பார்.

அவர் என்ன சொல்வார் என்று உனக்கே தெரியும். சௌமியாவையும் கூட்டிக்கொண்டு, கொஞ்சம் வெளிச்சத்துக்கு வா கண்ணு.

அம்மா